வாசலில் கல் பாவ மண்ணை எதால் இறுக்குவது? திமுசா, டிரம்மா, வாடகை மெஷினா?

வாசலில் பத்துக்குப் பத்து இடம். இல்லையென்றால் வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே மூன்றடி முடுக்கு. அதுவும் இல்லையென்றால் புறவாசலில் துவைக்கிற கல்லைச் சுற்றிக் கொஞ்சம் கடப்பாக்கல். வேலை இவ்வளவுதான் என்றால் கொத்தனார் கிடைப்பது கஷ்டம். பெரிய வேலை கையில் இருக்கும்போது அரை நாள் வேலைக்கு அவரால் வர முடியாது, அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. அதனால் நம்ம பக்கத்தில் பலரும் தாங்களே பேவர் பிளாக்கை இறக்கிப் பாவிவிடுகிறார்கள். பாவுகிறது சுலபம், நூல் பிடித்தால் கல் நேராக உட்கார்ந்துவிடும். ஐப்பசி மழை இரண்டு பெய்ததும் நடுவில் குழி விழுந்து தண்ணீர் தேங்குகிறதே, அது கல்லின் குறை கிடையாது. அடியில் மண் இறுகவில்லை.

மண்ணை எதை வைத்து இறுக்கலாம் என்று என்னிடம் கேட்கிறவர்கள் எல்லாருமே கருவியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மெஷின் எடுக்கட்டுமா, டிரம்மை உருட்டட்டுமா, தண்ணீர் விட்டால் போதுமா என்று. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வாசலில் என்ன மண்? அது தெரியாமல் கருவியைத் தேர்ந்தெடுத்தால் காசும் உடம்பும் வீண்.

திருநெல்வேலிச் சீமையில் பத்து மைலுக்கு ஒரு மண். மானூர் தாண்டி சங்கரன்கோவில், கோவில்பட்டி பக்கம் போனால் கரிசல். பாளையங்கோட்டையைச் சுற்றியும் நாங்குநேரி, வள்ளியூர் பக்கமும் செம்மண்ணும் சரளும், சில இடத்தில் ஒன்றரை அடி தோண்டினாலே சுக்கான் பாறை தட்டும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்று தாமிரபரணியை ஒட்டி வண்டல். திசையன்விளையிலிருந்து கடற்கரை வரை தேரி மணல், காலை வைத்தால் உள்ளே போகும். இந்த நாலும் நாலு விதமாக இறுகும். செம்மண் அடிக்கு இறுகும். மணல் அடிக்கு இறுகாது, அடித்தால் பக்கவாட்டில் பிதுங்கும், அதிர்வுக்கும் தண்ணீருக்கும்தான் உட்காரும். வண்டல் ஈரம் கொஞ்சம் கூடினாலும் களிபோலத் துள்ளும். கரிசலை நீங்கள் எப்படி இறுக்கினாலும் மழைக்கு உப்பி வெயிலுக்குப் பிளக்கும்.

கருவிக்குப் போகுமுன் ஈரம். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த வரைக்கும் பாதிப் பேர் தவறுகிற இடம் இதுதான். காய்ந்த மண்ணை எவ்வளவு குத்தினாலும் தூசிதான் பறக்கும், துகள்கள் ஒன்றோடொன்று உரசி நின்றுவிடும். கொஞ்சம் ஈரம் இருந்தால் வழுக்கிக்கொண்டு நெருங்கும். ஈரம் அதிகமானால் இடைவெளியைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், தண்ணீரை அமுக்க முடியாது. ஒவ்வொரு மண்ணுக்கும் மிக நன்றாக இறுகுகிற ஒரு ஈர அளவு உண்டு என்பதை 1933-இல் லாஸ் ஏஞ்சலிஸில் மண் அணை வேலையில் இருந்த ப்ராக்டர் என்ற பொறியாளர் அளந்து எழுதினார். ரோடு வேலை நடக்கிற இடங்களில் இன்றைக்கும் 'ப்ராக்டர் டெஸ்ட்' என்று எடுப்பது அதைத்தான். நமக்கு டெஸ்ட் வேண்டாம், கை போதும். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரலைத் திறந்ததும் உதிர்ந்தால் ஈரம் பத்தாது. உருண்டையாக நின்று, இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டால் நாலைந்து துண்டாக உடைந்தால் சரியான பதம். உள்ளங்கையில் ஈரம் ஒட்டி, கீழே விழுந்து அப்பிக்கொண்டால் ஒரு நாள் காயவிடுங்கள். கொழுக்கட்டைக்கு மாவு பிடிக்கிற கைக்கு இந்தப் பதம் உடனே பிடிபடும். எங்கள் வீட்டில் பதம் சொன்னது அம்மாதான்.

ஈரத்துக்கு அடுத்தது, ஒரு தடவைக்கு எத்தனை அங்குலம் கொட்டுகிறோம் என்பது. கைக்கருவியின் அடி நாலு அங்குலத்துக்குக் கீழே போகாது. ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை மொத்தமாகக் கொட்டி மேலே குத்தினால் மேல்தட்டு கல்போல ஆகும், அடி பொதபொதவென்று இருக்கும், ஏமாந்துபோவோம். நாலு நாலு அங்குலமாகப் போட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறுக்குங்கள். நாலு அங்குலம் கொட்டினால் இறுகி மூன்றேகால் அங்குலம் அளவுக்கு வரும். அதனால் கல்லுக்கு அடியில் நிரப்பச் சரள் வாங்கும்போதே கால்பங்கு கூட்டி வாங்குங்கள்.

இனி வழிகள். முதலாவது தண்ணீர். பாத்திகட்டி, ஹோஸை விட்டு நிரப்பி, ஒரு ராத்திரி விட்டுவிடுவது. காசு கிடையாது, உழைப்பு கிடையாது, அதனால் எல்லாருக்கும் பிடிக்கும். மணலுக்கு இது உண்மையிலேயே நல்ல வழி. லேசான ஈர மணல் துகள்களை ஈரமே பிடித்துத் தூக்கி நிறுத்தியிருக்கும், காய்ந்த மணலைவிட இருபது சதவீதத்துக்கு மேல்கூட உப்பி நிற்கும், மணல் லோடு வாங்கியவர்களுக்கு இது தெரியும். முழுக்க நனைத்தால் அந்தப் பிடி விட்டுப்போய் மணல் கீழே உட்காரும். ஆகவே தேரி மணலுக்கும், கல்லுக்கு அடியில் போடுகிற எம் சாண்டை முதலில் ஒரு தட்டு உட்கார வைப்பதற்கும் தண்ணீர் நல்லது. செம்மண்ணுக்கு அரைகுறை. வண்டலுக்கும் களிமண்ணுக்கும் கெடுதல்தான், மாதக்கணக்கில் உள்ளே ஈரம் நிற்கும். கரிசலில் தண்ணீர் விடவே விடாதீர்கள்.

தண்ணீர் வழியோடு சேர்ந்தது மழைக்கு விடுவது. "ஒரு மழை பாத்துட்டுப் போடுங்க" என்று பழைய கொத்தனார்கள் சொல்வார்கள். வைகாசி, ஆனியில் மண்ணை நிரப்பி, ஐப்பசி கார்த்திகை மழையை முழுசாக வாங்கவிட்டு, தைக்கு மேல் தாழ்ந்த இடத்தை நிரவிப் பாவினால் நன்றாகவே நிற்கும். ஆறு மாதம் சகதியில் நடக்கத் தயார் என்றால் இதைவிட மலிவான வழி இல்லை. வீட்டில் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள் என்றால் வேண்டாம்.

இரண்டாவது, காரையோ டிராக்டரையோ ஏற்றி இறக்குவது. கார் டயரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அது குறைச்சல் இல்லை. ஆனால் டயர் போன தடத்தில் மட்டும்தான் இறுகும். ஒவ்வொரு தடவையும் அரை டயர் தள்ளித் தள்ளி ஓட்டும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும் என்று தெரியவில்லை. சுவர் ஓரத்து ஒன்றரை அடி எப்படியும் விட்டுப்போகும், குழி விழுவதும் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான், ஏனென்றால் அஸ்திவாரம் தோண்டிய மண்ணைச் சும்மா தள்ளி மூடிய இடம் அது. இன்னொன்று, செப்டிக் டேங்க் மூடி எங்கே இருக்கிறது, மோட்டார் பைப் எங்கே போகிறது என்று தெரியாமல் வாசலில் டிராக்டரை ஏற்றாதீர்கள்.

மூன்றாவது டிரம். இருநூறு லிட்டர் இரும்பு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, நடுவில் கம்பி கோத்து உருட்டுவது. பார்க்க ரோடு ரோலர்போல இருக்கும், அதனாலேயே எல்லாருக்கும் இதில் ஒரு நம்பிக்கை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தண்ணீரோடு சேர்த்து 220 கிலோ. டிரம் மூன்றடி அகலம், மண்ணைத் தொடுகிற பட்டை இரண்டு அங்குலம் என்று வைத்தால் சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோதான் வரும். ஒரு ஆள் ஒற்றைக்காலில் நின்றால் வருகிற அழுத்தமும் ஏறக்குறைய அவ்வளவே. அதாவது டிரம்மை உருட்டுவதும், நாலு பேர் நெருக்கமாக மிதித்து நடப்பதும் மண்ணுக்கு ஒன்றுதான். மணலையும் கான்கிரீட்டையும் போட்டு எடையைக் கூட்டலாம், அப்புறம் அதை இழுக்க ஆள் வேண்டும், முடுக்குக்குள் திருப்பவும் முடியாது. டிரம்முக்கு ஒரே ஒரு வேலை கொடுப்பேன்: குத்தி முடித்த பிறகு மேலே மட்டம் பார்க்க. மேடு பள்ளம் உடனே தெரியும்.

நாலாவது திமுசு, அதாவது கைப்பிடி வைத்த கனமான மண் குத்துகிற கட்டை. என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பத்து கிலோ திமுசை ஒரு அடி தூக்கிப் போடுகிறோம். மண் ஒரு சென்டிமீட்டர் இறங்கி அதை நிறுத்துகிறது என்றால் அந்த நொடியில் மண்மேல் விழுவது முன்னூறு கிலோ பலம். மண் இறுகி, மூன்று மில்லிமீட்டரே இறங்குகிறது என்றால் அதே அடி ஆயிரம் கிலோ. எட்டு அங்குலச் சதுரத் தட்டில் அது சதுர சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோ, கார் டயருக்கு மேலே. மண் இறுகினாலும் டிரம்முக்கு அதே எடைதான். திமுசு அப்படி இல்லை, மண் இறுக இறுக அடியும் பலக்கும். குறுகலான முடுக்கில், சுவர் ஓரத்தில், துவைக்கிற கல்லின் மூலையில் எல்லாம் போகும் என்பது இதற்கு மேல்.

செய்வதும் லேசு. நாலு லிட்டர் பெயிண்ட் டப்பா காலியாக இருந்தால் அதில் கான்கிரீட் நிரப்பினால் கிட்டத்தட்ட பத்து கிலோ வந்துவிடும். நடுவில் ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. பைப் நாலடி, அடிப்பக்கம் இரண்டு துளை போட்டுக் குறுக்கே போல்ட் செருகி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நாலு நாளில் பைப் கழன்று ஆடும். பைப்பை நிமிர்த்தி நிறுத்தக் கயிற்றில் கட்டிவிட்டு, பத்து நாள் தண்ணீர் காட்டுங்கள். இருபது லிட்டர் வாளியில் செய்ய வேண்டாம், நிரம்பினால் ஐம்பது கிலோ கிட்டே வரும், பாதி நிரப்பினாலும் தட்டு அகலமாகி அழுத்தம் போய்விடும். வெல்டிங் பட்டறை பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. 12 மி.மீ. தகடு எட்டு அங்குலச் சதுரம் வெட்டினால் அதுவே மூன்றே முக்கால் கிலோ, அதில் பைப்பை நிறுத்தி நாலு பக்கமும் முட்டுக் கொடுத்து வெல்டிங் வைக்கச் சொன்னால் ஆயுசுக்கும் இருக்கும். எடை குறைவாகத் தெரிந்தால் பைப்புக்குள் மணலை நிரப்பி மூடலாம். மரத்தில் செய்கிறவர்கள் புளியங்கட்டை எடுங்கள், கறிக்கடையில் கொத்துக் கட்டையாகப் போடுகிற மரம் அது, சீக்கிரம் சிதையாது. பனங்கட்டை நம்ம ஊரில் சும்மா கிடைக்கும், ஆனால் அதற்கு வைரம் எல்லாம் வெளிவட்டத்தில்தான். உள்ளே சோற்றுப்பகுதி, ஈரத்தில் குத்தக் குத்த நடு உள்வாங்கிவிடும்.

பத்துக்குப் பத்து இடத்தில் எட்டு அங்குலத் தட்டுக்கு 225 இடம் வரும். ஒவ்வொன்றுக்கும் அஞ்சு குத்து, மண் ஒரு அடுக்குக்கு ஆயிரத்துச் சொச்சம் குத்து. நிமிஷத்துக்கு இருபது குத்து என்றால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, இளைப்பாறுவதோடு ஒன்றரை மணி. சரள் இரண்டு அடுக்கு என்றால் ஒரு காலைப்பொழுது, இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்தினால் பதினோரு மணி வெயிலுக்குள் முடியும். ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வாருங்கள். ஒரு அடிக்கு மேல் தூக்க வேண்டாம், இடுப்பு பிடித்துக்கொள்ளும். செருப்போடு குத்த வேண்டாம், கால்விரல் போய்விடும், ஷூ போடுங்கள்.

எப்போது போதும் என்று தெரிய வேண்டுமே. எங்கள் முடுக்கை நான் குத்திக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு வேலைக்கு வந்திருந்த வயதான கொத்தனார் அண்ணாச்சி ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, கண்ணால பாக்காதீங்க, காதக் குடுத்துக் கேளுங்க, சத்தம் மாறும்" என்றார். உண்மைதான். முதலில் தொப் தொப்பென்று பஞ்சுமூட்டையில் விழுவதுபோல் கேட்கும். கொஞ்ச நேரத்தில் தொம் தொம்மென்று கனக்கும். பிறகு ஒரு கட்டத்தில் டங்கென்று கல்லில் பட்டதுபோல் ஏறி, கைப்பிடியில் அதிர்வு முழங்கைவரை வரும், திமுசு லேசாகத் துள்ளித் திரும்பும். அந்தச் சத்தம் எல்லா இடத்திலும் ஒரேபோல் கேட்டால் முடிந்தது. முடுக்கின் ஒரு மூலையில் மட்டும் தொப் சத்தம் மாறவே இல்லை. தோண்டிப் பார்த்தால் வீடு கட்டினபோது போட்டு மூடிய சிமெண்டுச் சாக்கும் பலகைத் துண்டும் உளுத்துக் கிடந்தன. அவற்றை எடுத்துவிட்டுச் சரள் போட்ட பிறகுதான் சத்தம் ஏறியது. மெஷினாக இருந்திருந்தால் அதன் இரைச்சலில் எனக்கு இது கேட்டே இருக்காது. சந்தேகம் இருந்தால் 12 மி.மீ. கம்பியை நிமிர்த்திக் கையால் அழுத்துங்கள், அரை அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது.

அஞ்சாவது வாடகை மெஷின். இரண்டு வகை உண்டு, கடைக்காரர் எதையாவது தூக்கிக் கொடுப்பார், கேட்டு வாங்குங்கள். தட்டையான பிளேட் மெஷின் நிமிஷத்துக்குச் சுமார் 5,000 தடவை அதிரும், மணலுக்கும் சரளுக்கும் ஜல்லிக்கும் அது. காலால் குதிக்கிற ரேம்மர் மெஷின் களிச்சத்து உள்ள மண்ணுக்கு, பைப் போட்ட குழியை மூடுவதற்கு. களிமண்ணில் பிளேட் மெஷினை ஓட்டினால் மேலே வழவழவென்று மெழுகும், அடியில் ஒன்றும் ஆகாது. வாடகை ஒரு நாளைக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், போகவர லோடு ஆட்டோ, பெட்ரோல், முன்பணம் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். நூறு சதுர அடிக்கு அது கட்டாது. முன்னூறு சதுர அடிக்கு மேல், அல்லது கார் நிற்கிற இடம் என்றால் யோசிக்காமல் மெஷின் எடுங்கள், அங்கே கையால் குத்தி உடம்பைக் கெடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. ஒரு எச்சரிக்கை: மண்சுவர், சுண்ணாம்புச் சுவர் உள்ள பழைய வீடு, தார்சாவில் மரத்தூண் நிற்கிற வீடு என்றால் சுவரை ஒட்டி மெஷின் வேண்டாம். அதிர்வில் பூச்சு உதிரும், விரிசல் விடும். ஓரம் இரண்டடிக்குத் திமுசு, நடுவில் மெஷின் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கரிசலைத் தனியாகச் சொல்ல வேண்டும். மானூருக்கு வடக்கே எங்கள் அக்கா வீடு. வாசலுக்குப் பேவர் பிளாக் போட ஒருவரிடம் மொத்தமாக வேலையை விட்டார்கள். அவர் கரிசல் மேலேயே மணலைக் கொட்டி, தண்ணீர் நிரப்பி, மறுநாள் மெஷின் ஓட்டிப் பாவிக் கொடுத்தார். அன்றைக்கு மட்டம் கண்ணாடிபோல் இருந்தது. கார்த்திகையில் நடு உப்பியது, சித்திரையில் அதே இடம் தாழ்ந்து கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் போகிற சந்து விட்டது. அத்தான் அதைப் பிரித்துத் திரும்பப் போட்டதில் கல்லின் விலைக்குச் சமமாகக் கூலி போனது. கரிசலில் மணல் போடுவதே தப்பு: மேலே விழுகிற தண்ணீர் மணலில் இறங்கி அடியில் தொட்டிபோல நிற்கும், கரிசல் அதைக் குடித்து உப்பும். அங்கே இறுக்குகிற கருவியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு அடி கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, கொஞ்சம் களிச்சத்து உள்ள சரள் மண்ணை மூன்று நாலு அடுக்காகப் போட்டுக் குத்த வேண்டும். மணல் விடுகிற அளவுக்கு இது தண்ணீரைக் கீழே விடாது. இரண்டாம் தடவை அக்கா வீட்டில் அப்படித்தான் செய்தோம், இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது.

ஒன்று விட்டுப்போனது, ஓரக்கட்டு. எதால் இறுக்கினாலும் சுற்றிலும் ஒரு வரி கான்கிரீட்டோ கல்லோ பிடித்து நிறுத்தாவிட்டால் மண் பக்கத்தில் ஓடிவிடும். 2023 டிசம்பர் 17, 18-இல் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் முழுக்க மழை கொட்டியதே, காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்த அந்த மழை, அதில் எங்கள் தெருவில் ஓரக்கட்டு இல்லாத வாசல்களில் கல் அப்படியே இருக்க அடியில் மணல் மட்டும் அரித்துப் போயிருந்தது. கல்லைத் தட்டினால் டொக்கென்று வெற்றுச் சத்தம். தேரி மணல் பக்கம் இருப்பவர்கள் ஓரக்கட்டை முதலில் கட்டிவிட்டு அப்புறம் மண்ணை இறுக்குங்கள், அங்கே வேறு வழியே கிடையாது. தெருப்பக்கம் ஐம்பது அடிக்கு ஒரு அடி வாட்டம் கொடுங்கள், பத்தடி வாசலுக்கு இரண்டரை அங்குலம் வரும்.

ஆக, செம்மண்ணும் சரளும் உள்ள இடத்தில் சின்ன வேலை என்றால் திமுசு, வேறெதையும் யோசிக்க வேண்டாம். தேரி மணல் என்றால் ஓரக்கட்டும் தண்ணீரும், மேலே நாலு அங்குலம் சரள் போட்டுத் திமுசு. வண்டல் என்றால் பதம் வருகிறவரை பொறுத்திருந்து திமுசு, அவசரம் என்றால் ரேம்மர். கார் நிற்கிற இடம் என்றால் எந்த மண்ணாக இருந்தாலும் மெஷின், கல்லும் 60 மி.மீ.க்குக் குறையாமல், லோடு வண்டி ஏறும் என்றால் 80. பாவி முடித்ததும் நூறு கல்லுக்கு அஞ்சு கல் எடுத்து வையுங்கள், கலர் பின்னால் கிடைக்காது. முதல் மழைக்கு அப்புறம் ஒரு இடம் தாழ்ந்தால் அந்த இடத்துக் கல்லை மட்டும் நெம்பி எடுத்து, அடியில் கிரஷர் தூளைப் போட்டு, அதே பெயிண்ட் டப்பாத் திமுசால் பத்து அடி போட்டுத் திரும்ப வைத்துவிடலாம். எங்கள் முடுக்கில் அப்படி இரண்டு இடம் வந்தது, மொத்தம் அரை மணி நேர வேலை. திமுசு இப்போது தெருவில் மூன்றாவது வீட்டில் இருக்கிறது.